சைக்கிளுக்கு எந்த பேட்டரி? ஒரு மாணவன் கேட்ட கேள்வியும் 140 வருஷக் கதையும்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அவசரக்காரர்கள் கடைசிப் பத்திகளை மட்டும் படித்துவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தினமும் கேளம்பாக்கத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறான். போக வர இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது அந்தத் தூரம் இரட்டிப்பாகத் தெரியும். பின்சக்கரத்தில் மாட்டும் 250 வாட் மோட்டார் கிட் ஒன்றை வாங்கிவிட்டான். "சார், பேட்டரி மட்டும் நானே கட்டலாம்னு இருக்கேன். பழைய லேப்டாப் செல்லுங்க எடைக்குக் கிடைக்குது. இல்லன்னா மூணு லெட் ஆசிட் போட்டுடலாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றான்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது என்று வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் டைம் கேட்டேன்.

வீட்டில் நாமே பேட்டரி கட்டி வண்டியில் வைத்து ஓட்டுவது ஏதோ யூடியூப் காலத்துச் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சார வண்டியின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. 1881-ல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்பவர், இங்கிலாந்தில் செய்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் சின்ன மோட்டாரையும் ஈய-அமில பேட்டரியையும் பொருத்தித் தெருவில் ஓட்டிக் காட்டினார். பென்ஸ் தன் பெட்ரோல் காருக்குக் காப்புரிமை கேட்டது 1886-ல்தான். அதாவது மின்சார வண்டிதான் அண்ணன், பெட்ரோல் வண்டி தம்பி.

அடுத்தது 1895. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்டன் போல்ட்டன் என்பவருக்கு அந்த வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி ஒரு காப்புரிமை கிடைத்தது. அதன் படத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார், சட்டத்தின் மேல்கம்பிக்குக் கீழே தொங்கும் பேட்டரி. நம் ஆள் வாங்கியிருக்கும் கிட்டும் அமைப்பில் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், போல்ட்டனின் மோட்டார் 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை இழுக்கும். வாட் என்றால் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது, ஒன்பதாம் வகுப்பிலேயே சொன்னேன். ஆம்பியர் இரண்டு மடங்கானால் கம்பியில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் இன்றைக்கு 36 வோல்ட், 48 வோல்ட் என்று வைத்துக்கொண்டு ஆம்பியரைக் குறைக்கிறோம். 250 வாட் மோட்டாருக்கு 36 வோல்ட்டில் 7 ஆம்பியர் போதும். மேடு ஏறும்போதும் கிளம்பும்போதும் அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும்.

அந்தக் காலத்தில் எந்த பேட்டரி என்ற கேள்வியே இல்லை. இருந்தது ஒன்றுதான். 1859-ல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் தடுப்பு வைத்துப் பாய் மாதிரிச் சுருட்டி, கந்தக அமிலத்தில் முக்கி வைத்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அது. இன்றைய லித்தியம் செல்லை அறுத்துப் பார்த்தால் (யாரும் அறுத்துப் பார்க்க வேண்டாம்!) உள்ளே அதே பாய்ச்சுருள்தான் இருக்கும். பொருள்தான் மாறியது.

ஈயத்தின் குறை அதன் கனம். அந்தக் கனத்தைக் குறைக்கக் கிளம்பியவர்களில் பெரிய ஆள் எடிசன். ஈயமும் அமிலமும் வேண்டாம், நிக்கலும் இரும்பும் காரக் கரைசலும் போதும் என்று 1901-ல் அறிவித்தார். சந்தைக்கும் கொண்டுவந்தார். செல்கள் ஒழுகின, சீக்கிரம் சக்தி இழந்தன. வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடி பல வருஷம் உழைத்து, 1910 வாக்கில் திருத்திய பேட்டரியைக் கொடுத்தார். அது உண்மையிலேயே உறுதியானது. ஆனால் 1912-ல் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்துவிட்டது. கையால் கைப்பிடி சுற்றி எஞ்சினைக் கிளப்பும் கஷ்டம் ஒழிந்ததும் மக்கள் பெட்ரோல் பக்கம் போய்விட்டார்கள். அந்த ஸ்டார்ட்டருக்கு ஒரே நொடியில் ஏராளமான ஆம்பியர் வேண்டும். அதை மலிவாகக் கொடுத்தது யார்? பழைய ஈய-அமில பேட்டரிதான். மின்சார வண்டியைத் தோற்கடிக்க உதவியதும் ஒரு பேட்டரியே!

நம் பக்கத்துக்கு வருகிறேன். மதராஸில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது, பேட்டரி இல்லாமல், வெளியிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொண்டு. 1953 ஏப்ரலில் அது நின்றது. அதே 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திராவிட்டால் அது காரைக்குடிக்கு வந்திருக்காது. 1948-ல் 15 லட்சம் என்றால் என்னவென்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேட்டரி, உலோக அரிப்பு, மின்முலாம் என்று நம் வீட்டுச் சாமான்களோடு தொடர்புள்ள ஆராய்ச்சிகள் அங்கே நடக்கின்றன. நம் நாட்டிலேயே உருவான லித்தியம் அயனி தொழில்நுட்பத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்க 2018-ல் ஒப்பந்தம் போட்டதும் அந்த நிலையம்தான். கல்விச் சுற்றுலா என்றால் மாமல்லபுரம், வேடந்தாங்கல் என்று போய்வந்தோமே தவிர, உங்கள் யாரையும் காரைக்குடிக்கு ஒருமுறைகூட நான் அழைத்துப் போகவில்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

இனி லித்தியம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். நம் ஆளுக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது, இதில் ஒரு தமிழரும் இருக்கிறார்.

1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் முதல் லித்தியம் பேட்டரியைச் செய்தார். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக வைத்து வோல்டேஜை நான்கு வரை உயர்த்தினார். 1985-ல் ஜப்பானில் அகிரா யோஷினோ, எதிர்முனையில் சுத்த லித்தியத்தை எடுத்துவிட்டுக் கரிப் பொருளை வைத்துப் பாதுகாப்பான வடிவம் கொடுத்தார். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவர்கள் மூவருக்கும்தான் 2019-ல் வேதியியல் நோபல். அப்போது குடினஃபுக்கு 97 வயது! நம்மில் சிலர் 58-லேயே எல்லாம் முடிந்தது என்று சாய்வு நாற்காலியைத் தேடுகிறோம்.

கோபால்ட் விலை அதிகம், கிடைப்பதும் கடினம். எல்லோருக்கும் பேட்டரி வேண்டுமென்றால் இரும்பு மாதிரி மலிவான உலோகம் வேண்டும். ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடை வைத்தால் வோல்டேஜ் மிகவும் குறைவாக வருகிறது. இந்த இடத்தில்தான் நம் ஆறுமுகம் மந்திரம் வருகிறார். தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, மதுரையில் சில வருஷம் பாடம் நடத்தியவர். 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் குடினஃபிடம் சேர்ந்து, மறு வருஷம் அவருடனேயே டெக்சாஸ் போனார்.

இரும்போடு வெறும் ஆக்சிஜனைச் சேர்க்காமல் சல்பேட் மாதிரி ஒரு தொகுதியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று 1980-களின் கடைசியில் இருவரும் பார்த்தார்கள். இரும்பு மாலிப்டேட் 3.0 வோல்ட் கொடுத்தது. அதே அமைப்புள்ள இரும்பு சல்பேட் 3.6 வோல்ட் கொடுத்தது. காரணத்தைக் கயிறு இழுக்கும் போட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆக்சிஜன், ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் கந்தகம். கந்தகம் பலமாக இழுத்தால் இரும்பின் பக்கம் பிடி தளர்கிறது, வோல்டேஜ் ஏறுகிறது. இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டுதான் குடினஃபின் ஆய்வகத்தில் பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற இரண்டு இந்தியர்கள் 1996, 97-ல் சல்பேட்டுக்குப் பதில் பாஸ்பேட் வைத்து லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டுவந்தார்கள். (அந்தப் 'பாதி' ஓர் ஆளின் பெயர், அரைவாசி அல்ல. வகுப்பில் சொன்னபோது சிரித்தீர்களே!) முதலில் அதில் மின்சாரம் சரியாக ஓடவில்லை. துகள்களை மிகச் சிறிதாக்கி, மேலே கரிப் பூச்சு கொடுத்த பிறகு ஓடியது. இன்று சுருக்கமாக எல்.எஃப்.பி. என்கிறோம்.

2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் குடினஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் மந்திரம்தான். அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் டீச்சர் இருந்ததால் தூசி என்று சமாளித்தேன்.

அந்தக் கயிறு இழுக்கும் போட்டியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்திருப்பதால் செல் சூடானாலும் அது சுலபத்தில் விடுபடுவதில்லை. கோபால்ட் கலந்த வகைகளிலும், இப்போது பரவலாக உள்ள நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகையிலும், அதாவது என்.எம்.சி.யிலும், அதிகச் சூட்டில் ஆக்சிஜன் வெளியே வரும். உள்ளே எரியக்கூடிய திரவம் ஏற்கெனவே இருக்கிறது. நெருப்புக்கு வேண்டியது எல்லாம் ஒரே டப்பாவில் கிடைத்துவிடுகிறது. எல்.எஃப்.பி. எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதிலும் அந்தத் திரவம் உண்டு. ஆனால் அது கட்டுமீறிச் சூடாக இன்னும் அதிக வெப்பம் வேண்டும், வெளிவரும் சூடும் குறைவு.

புத்தகத்தில் படித்ததை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. நானே இரண்டு முறை தப்புச் செய்திருக்கிறேன்.

முதல் முறை லெட் ஆசிட். 12 வோல்ட் பேட்டரி மூன்று, ஒவ்வொன்றும் நாலு கிலோ. கேரியரில் கட்டினால் ஹேண்டில் முன்னால் தூக்கிக்கொள்ளும். மாமல்லபுரம் வரை ஜோராகப் போனேன். திரும்பும்போது பாதி வழியில் நின்றுவிட்டது, மீதித் தூரம் மிதித்தே வந்தேன். இந்த வகையில் எழுதியிருக்கும் கொள்ளளவை முழுதும் இழுத்தால் ஆயுள் போய்விடும், பாதிதான் நிம்மதியாக எடுக்கலாம். அது தெரிந்தும் இழுத்தேன். ஐப்பசி மழையில் ஒரு மாதம் காலி பேட்டரியாகவே திண்ணையில் கிடந்தது. ஈய சல்பேட் படிகமாக இறுகி, அதற்கப்புறம் சார்ஜே ஏறவில்லை. பழைய ஈயத்துக்கு எடைக்கு எடை காசு கிடைத்தது ஒன்றுதான் ஆறுதல்.

இரண்டாவது, நம் ஆள் இப்போது கேட்கும் அதே லேப்டாப் செல். நாற்பது செல் வாங்கி, நாலு நாலாக இணைத்துப் பத்து வரிசை கட்டினேன். வோல்டேஜை மட்டும் அளந்தேன், எந்த செல்லில் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. சார்ஜர் 42 வோல்ட்டில் தானே நிற்கிறதே, பி.எம்.எஸ். எதற்கு என்று விட்டுவிட்டேன். அங்கேதான் வாத்தியாருக்கு மூளை வேலை செய்யவில்லை. மொத்தம் 42 என்றால் ஒவ்வொரு வரிசையும் 4.2 என்று அர்த்தமில்லை. கொள்ளளவு குறைந்த வரிசை முதலில் நிரம்பி 4.2-ஐத் தாண்டிப் போகும், மற்றவை கீழே நிற்கும், கூட்டினால் கணக்கு சரியாகத்தான் வரும். ஒருநாள் சாயங்காலம் இனிப்பான ஒரு மருந்து வாசனை, அப்புறம் 'உஸ்' என்ற சத்தம், புகை. ஸ்விட்சை அணைத்து, மூங்கில் கழியால் திண்ணையிலிருந்து மணலுக்குத் தள்ளி, டீச்சரும் நானும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். அது திண்ணையில் நடந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2022 மார்ச் மாதம் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருஷம் நடந்த பல தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் கடைசியில் அடுத்த கட்டம். கம்பெனி வண்டிகளுக்கு அந்தச் சோதனை உண்டு. நாம் வீட்டில் கட்டும் பேக்கை யார் சோதிப்பார்கள்? 250 வாட்டுக்கு உட்பட்டு, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத சைக்கிளுக்கு ஆர்.டி.ஓ. பதிவும் லைசென்ஸும் தேவையில்லை என்பது நல்ல சலுகைதான். கூடவே கேட்பாரும் இல்லை.

இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இந்த ஞாயிறு அவன் வந்தபோது டீச்சர்தான் முதல் கேள்வி கேட்டார்கள். "ஏம்பா, சார்ஜ் எங்க போடுவ?"

"ரூம்லதான் டீச்சர். கட்டில் பக்கத்துல ஒரே ஒரு பிளக்குதான் இருக்கு."

"பசங்க எங்க படுப்பாங்க?"

அவன் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதற்குமேல் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை.

ஆகவே முடிவு இது. பழைய செல் கிடையாது. புதிய எல்.எஃப்.பி., 32700 அளவு, 6 ஆம்பியர்-மணி செல்கள் இருபத்து நாலு. இரண்டிரண்டாக இணைத்துப் பன்னிரண்டு வரிசை. ஒரு செல் 3.2 வோல்ட் என்றால் மொத்தம் 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, ஏறக்குறைய 460 வாட்-மணி. செல்களின் எடை மூன்றரை கிலோ அளவில் வரும். இதே சக்தியை என்.எம்.சி.யில் கட்டினால் ஒரு கிலோவுக்கு மேல் குறையும், இடமும் பாதிதான் பிடிக்கும். ஸ்கூட்டர் கம்பெனிக்காரனுக்கு அது முக்கியம். சைக்கிள்காரனுக்கு மூன்றரை கிலோ என்பது ஒரு பை அரிசிகூட இல்லை. லேசாக மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10, 12 வாட்-மணி போதும், தினம் இருபது கிலோமீட்டருக்கு இது தாராளம். முறையாக வைத்தால் லெட் ஆசிட் முந்நூறு சொச்சம் முறை சார்ஜுக்குத் தாங்கும் இடத்தில் இது ஆயிரக்கணக்கில் தாங்கும். விலை கையைக் கடிக்கிறது என்றான். பாதி செல்லை நான் வாங்கித் தருகிறேன், பொங்கலுக்குள் மெதுவாகக் கொடு என்றேன். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை அவன் படிக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

பி.எம்.எஸ். பன்னிரண்டு வரிசை எல்.எஃப்.பி.க்கு உரியதாகவே இருக்க வேண்டும். சார்ஜரும் அப்படித்தான், இதற்கு 43.8 வோல்ட். அந்த சார்ஜரைத் தெரியாமல் பத்து வரிசை என்.எம்.சி. பேக்கில் சொருகினால் ஒவ்வொரு செல்லும் 4.38 வரை போகப் பார்க்கும், பி.எம்.எஸ். மட்டும்தான் காப்பாற்ற வேண்டும். எனவே சார்ஜர் மேல் பெரிய எழுத்தில் பெயின்ட்டால் எழுதிவைக்கச் சொன்னேன். பிளக்கை வெளித் தாழ்வாரத்துக்கு இழுக்க எலக்ட்ரீஷியன் ஒருவரை, அவரும் நம் மாணவர்தான், போனில் பிடித்துவிட்டேன். சித்திரை வெயிலில் ஓட்டி வந்ததும் உடனே சார்ஜ் போடக்கூடாது, அரை மணி ஆறவிட வேண்டும். தூங்கும் நேரத்தில் சார்ஜ் கூடவே கூடாது.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. உப்புக் காற்று. ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் காற்று செல்களை இணைக்கும் பட்டையை விடுமா? நிக்கல் பட்டை என்று விற்பதில் பாதி, இரும்பில் நிக்கல் முலாம் பூசியதுதான். கண்டுபிடிப்பது சுலபம். பட்டையை நன்றாகக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் சில நாளில் துரு காட்டிக் கொடுத்துவிடும். உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டிய ஊரா நம்முடையது! 2018-ல் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்த ஊர், 2024 ஆகஸ்டில் ரூமி ராக்கெட் பறந்த ஊர், ஒரு நிக்கல் பட்டையைச் சோதிக்க முடியாதா? மூன்று கடையிலிருந்து மூன்று பட்டை வாங்கிவரச் சொல்லி, கடல் தண்ணீர் நிரப்பிய மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். இன்று மூன்றாம் நாள். நடு பாட்டிலில் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. மற்ற இரண்டும் இதுவரை பளிச்சென்றே இருக்கின்றன.

செங்கல்பட்டு, திருப்போரூர் பக்கம் ஸ்பாட் வெல்டிங் மெஷின் வைத்திருக்கும் மாணவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். இல்லாவிட்டால் திருகாணி போட்டு முடுக்கும் மாதிரி செல்லாகவே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.